சின்ன அரங்குக்கு ஒளியமைப்பு: பன்னிரண்டு விளக்கில் ஒரு நாடகம்

மதுரையில் சிறு நாடகங்கள் பெரும்பாலும் நாடகத்துக்கென்று கட்டிய அரங்கில் நடப்பதில்லை. கல்லூரிக் கருத்தரங்கக் கூடம், பள்ளி ஹால், சின்னக் கல்யாண மண்டபம், சில சமயம் மொட்டை மாடி. அறுபதிலிருந்து நூறு நாற்காலி இருக்கும். முதல் வரிசைக்கும் நடிகருக்கும் நடுவே ஏழெட்டு அடிதான். அந்தத் தூரத்தில் இமை துடிப்பதுகூடத் தெரியும், தெரியவும் வேண்டும். ஆகவே இங்கே ஒளியமைப்பின் முதல் வேலை முகத்தைக் காட்டுவது. நிறமும் புகையும் சுழலும் விளக்கும் அதற்குப் பிறகுதான். திருமலை நாயக்கர் மகால் ஒலி-ஒளிக் காட்சியில் தூண்கள்மேல் விழும் வண்ண ஒளி கல்லுக்குப் பொருந்துகிறது. அதையே முகத்தில் அடித்தால் கண் இருக்கிற இடம் குழியாகி, நடிகர் என்ன நினைக்கிறார் என்பதே தெரியாமல் போய்விடும்.

ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். நடிப்பிடம் 20 அடி அகலம், 14 அடி ஆழம், மேடை கிடையாது, சமதரை. கூரை 12 அடி. நாற்காலி 80. நாடகம் 70 நிமிடம், நடிகர் மூவர். கிராமத்து வீடு ஒன்று: முன்னால் இடப்பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், வலப்பக்கம் அடுப்படி, பின்னால் நடுவில் வாசல்நிலை.

பிரதியும் ஒத்திகையும்

பிரதியை முதலில் கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் முறை பென்சிலோடு படிக்கும்போது நான்கே விஷயம் குறித்தால் போதும்: என்ன நேரம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, யார் எந்த இடத்தில், எந்த வசனத்தில் அல்லது அசைவில் நிலைமை மாறுகிறது. பிறகு ஒத்திகைக்குப் போய், நடிகர்கள் உண்மையில் நிற்கிற இடங்களைத் தரைப்படத்தில் புள்ளியாக வையுங்கள். பிரதியில் ஏழு இடம் இருக்கும். ஒத்திகையில் பார்த்தால் முக்கால்வாசி நாடகம் நான்கு இடத்திலேயே நடந்துகொண்டிருக்கும். நம் உதாரணத்திலும் அப்படித்தான். அந்த நான்கையும் நன்றாகக் காட்டிவிட்டு, மிச்ச இடத்தை இருட்டாகவே விடலாமா என்று இயக்குநரிடம் இந்தக் கட்டத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். விளக்கு மாட்டிய பிறகு "அந்த மூலையிலும் ஒரு வசனம் இருக்கே" என்று கேட்டால் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

கூடத்தை அளப்பது

டேப், டெஸ்டர், நோட்டு எடுத்துக்கொண்டு நாடகம் நடக்கப்போகிற அதே நேரத்துக்குப் போங்கள். மதுரையில் டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஜூனில் 6.40 வரை சூரியன் இருக்கும், அதற்குப் பிறகும் அரை மணி நேரம் வென்டிலேட்டர் வழியாக வெளிச்சம் வரும். 6.30 காட்சி என்றால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டாமல் முதல் காட்சியின் இருட்டு கிடைக்காது.

அடுத்து மின்விசிறி. நம் ஊர்க் கூடங்களில் புதியவர்களின் கணக்கைக் கவிழ்ப்பது இதுதான். விசிறி ஒன்பது ஒன்பதரை அடியில் தொங்கும், விளக்கு 11 அடியில் இருக்கும். ஒளி சுழலும் இறக்கை வழியாக வந்தால் நடிகர் முகத்தில் படபடவென்று நிழல் ஓடும். அந்தப் பாதையில் உள்ள விசிறிகளைக் குறித்துவைத்து, காட்சி நேரத்தில் நிறுத்தி, காற்றில் சுற்றாமல் இறக்கையைக் கட்டிவிட வேண்டும். சித்திரை வெயிலில் பார்வையாளர்களுக்குக் காற்று வேண்டுமே என்றால் சுவரோர விசிறிகளை மட்டும் ஓடவிடலாம்.

தரை பளபளக்கும் டைல்ஸ் என்றால் ஒளி கீழிருந்து மேலே தெறித்து, தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறும். ஜமக்காளம் விரித்தால் சரியாகிவிடும். வெள்ளைச் சுவரும் இதே தொல்லையைக் கொடுக்கும், பின்சுவருக்காவது கறுப்புப் படுதா வேண்டும்.

விளக்கு எங்கே தொங்க வேண்டும்

நடிகருக்கு முன்னால் இருபுறமும் 45 பாகையில், மேலிருந்து 45 பாகையில் இரண்டு விளக்கு. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஒளியமைப்பு கற்பித்த ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் 1930களில் நிலைநாட்டிய முறை இது. ஒரு இடத்துக்கு இரண்டு விளக்கு, அதை இடம்தோறும் திரும்பச் செய்தால் நடிகர் எங்கு போனாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். தொடங்குகிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி இல்லை.

ஆனால் 12 அடிக் கூரையில் இதை அப்படியே செய்ய முடியாது. கணக்கைப் பாருங்கள். விளக்கு மாட்டும் குழாய் 11 அடி உயரம், நிற்கும் நடிகரின் கண் சுமார் 5.5 அடி. வித்தியாசம் 5.5 அடி. மேலிருந்து 45 பாகை வேண்டுமானால் விளக்கு நடிகரிடமிருந்து தரையளவில் 5.5 அடி தூரத்தில் இருக்க வேண்டும். அப்போது விளக்கிலிருந்து முகம் வரை நேர்த்தூரம் 7.8 அடிதான். அவ்வளவு கிட்டத்தில் ஒளிவட்டம் மிகச் சின்னதாக விழும், நடிகர் ஒரு எட்டு வைத்தால் இருட்டுக்குள் போய்விடுவார். 35 பாகைக்கு இறங்குவதே நல்லது. தரையளவில் 8 அடி, நேர்த்தூரம் 9.6 அடி. முகத்தில் நிழல் இன்னும் இயல்பாகவே இருக்கும். 30 பாகைக்குக் கீழே போனால் முகம் தட்டையாகிவிடும், நடிகரின் நிழலும் பின்சுவரில் ஏறிவிடும்.

ஒளிவட்டத்தின் அகலம் விளக்கின் விரிவுக் கோணத்தைப் பொறுத்தது. நேர்த்தூரத்தை 25 பாகை விளக்குக்கு 0.44 ஆலும், 40 பாகைக்கு 0.73 ஆலும், 60 பாகைக்கு 1.15 ஆலும் பெருக்கினால் விட்டம் கிடைக்கும். 9.6 அடியில் 25 பாகை விளக்கு கொடுப்பது நாலேகால் அடி. 40 பாகை கொடுப்பது 7 அடி, நம் இடங்களின் அளவும் அதுவே. 60 பாகை 11 அடிக்கு விரிந்து, பக்கத்து இடத்தையும் முதல் வரிசையையும் சேர்த்து நனைத்துவிடும்.

விளக்கு பக்கவாட்டிலும் 45 பாகையில் இருப்பதால், அந்த 8 அடியை இரு திசையாகப் பிரித்தால் முன்னால் 5.6 அடி, பக்கவாட்டில் 5.6 அடி. முன் மூன்று இடங்களின் மையம் நடிப்பிட விளிம்பிலிருந்து 3.5 அடி உள்ளே. ஆகவே முதல் குழாய் விளிம்புக்கு 2 அடி வெளியே, முதல் வரிசைக்குச் சற்று முன்னால் வரும். அதில் 6 விளக்கு. வாசல்நிலையின் மையம் 10.5 அடி உள்ளே, அதற்கான இரண்டாம் குழாய் 5 அடி உள்ளே. அதில் 2 விளக்கும், அரிக்கேன் வெளிச்சம் போன்ற தனி வேலைக்கு ஒன்றும்.

பின்னொளிக்கு 3 விளக்கு. இது நடிகரைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்டும். இந்த விளக்குகளைப் பின்சுவரோரம் மாட்டுவது பலரும் செய்கிற தவறு. அங்கிருந்து சரிவு 30 பாகைதான் கிடைக்கும், நடிகர் தலையைத் தாண்டிய ஒளி நேராக முதல் இரண்டு வரிசையின் கண்ணில் குத்தும். விளிம்பிலிருந்து 8 அடி உள்ளே மாட்டினால் சரிவு 50 பாகைக்கு வந்துவிடும், தலையைத் தாண்டிய ஒளி விளிம்புக்கு ஓரடி வெளியே தரையில் விழுந்து நின்றுவிடும். விளக்கின் முன்னாலுள்ள மடக்குத் தகட்டை இறக்கி, விரிந்து வரும் மிச்ச ஒளியையும் வெட்டிவிடலாம்.

முகத்துக்கு 8, பின்னொளிக்கு 3, தனி விளக்கு 1. மொத்தம் பன்னிரண்டு.

குழாய்க்குத் தாங்கல்: வாடகைக் கடையில் 20 அடி டிரஸ் (விளக்கு தொங்கவிடும் சட்டக உத்தரம்), இரண்டு கால்களோடு கிடைத்தால் அதுவே மேல். ஜிஐ குழாய் என்றால் ஒன்றரை இஞ்ச், நீலக் கோடு போட்ட பி கிளாஸ் வாங்குங்கள், கிளாம்ப் சரியாக உட்காரும். 20 அடிக் குழாயே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், விளக்கோடு சேர்ந்தால் நடுவில் தொய்யும். மூன்றாவது கால் கட்டாயம். ஒவ்வொரு காலிலும் 15 கிலோ மணல் சாக்கு, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாகப் பாதுகாப்புச் சங்கிலி. விசிறிக் கொக்கியிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ எதையும் தொங்கவிடக் கூடாது. கீழே எண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

கடையில் என்ன கேட்பது, எப்படிச் சோதிப்பது

முகூர்த்த நாளிலும், பங்குனி சித்திரைத் திருவிழாக் காலத்திலும், பள்ளி ஆண்டுவிழாக்கள் நடக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலும் லைட் செட் கடைகளில் நல்ல விளக்குகள் முன்னதாகவே போய்விடும். தேதி குறித்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள்.

பார் லைட் என்பது டப்பா வடிவ மேடை விளக்கு. "பார் லைட் பன்னிரண்டு" என்று மட்டும் சொன்னால் மேடைக் கச்சேரிக்குப் போகிற சிவப்பு-பச்சை-நீலம் விளக்குகள் வரும். அவற்றின் மூன்று நிறத்தையும் கலந்து எடுக்கிற வெள்ளை நம் தோலில் சாம்பல் பூத்த மாதிரி விழும், நிழலின் ஓரங்களில் நிறம் தனித்தனியாகப் பிரியும். முகத்துக்கான எட்டும் வார்ம் ஒயிட் (மஞ்சள் கலந்த வெள்ளை), 3200 கெல்வின் அளவில், 40 பாகை லென்ஸோடு வேண்டும் என்று கேளுங்கள். 25 பாகைதான் இருக்கிறது என்றால் வாங்கி, முன்னால் பட்டர் பேப்பர் ஒட்டி விரிக்கலாம். எல்இடிக்கு மட்டும்தான் இந்த வழி, ஹாலஜனில் பற்றிக்கொள்ளும். பின்னொளிக்கு நிறம் மாறும் எல்இடி பார் மூன்று. தனி விளக்கு 500 வாட் ஹாலஜன், ஒரு டிம்மர் பேக்கோடு (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி). ஒரு விளக்காவது ஹாலஜனாக இருக்கட்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. குறைக்கக் குறைக்க அது சிவந்து, மெதுவாக அடங்கும். மலிவான எல்இடி கடைசி ஐந்து சதவீதத்தில் பட்டென்று குதித்து அணையும்.

கடையிலேயே எட்டையும் ஒரு வெள்ளைச் சுவரில் வரிசையாக அடித்துப் பாருங்கள். ஒன்று பச்சை கலந்தோ ரோஸ் கலந்தோ தெரிந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிறகு எல்லாவற்றையும் பத்து நிமிடம் எரியவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கச்சேரியில் யாருக்கும் கேட்காத, விளக்குக்குள் ஓடும் குளிர்விப்பு விசிறியின் இரைச்சல், எண்பது பேர் கூடத்தில் மெல்லிய வசனத்தை விழுங்கிவிடும். நாடகத்தைப் படம் பிடிக்கப்போகிறீர்கள் என்றால், பாதி வெளிச்சத்தில் வைத்து மொபைலில் வீடியோ எடுத்து, பட்டை ஓடுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மின்சாரம்

எல்இடி ஒன்று 180 வாட் என்று வைத்தால் 11 விளக்கு 1,980 வாட். ஹாலஜன் 500. ஆக 2,480 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 10.8 ஆம்பியர். ஒரு 16 ஆம்பியர் பிளக்கில் அடங்கிவிடும். பழைய முறைப்படி பன்னிரண்டும் 1000 வாட் ஹாலஜன் என்றால் 52 ஆம்பியர் வேண்டும், பெரும்பாலான கூடங்களின் வயரிங் தாங்காது.

16 ஆம்பியர் பாயிண்ட் என்று பார்த்தவுடன் நம்ப வேண்டாம். அதே எம்சிபியில் (மின்சாரம் அதிகமானால் தானே விழும் சுவிட்சில்) ஏசி இருக்கிறதா என்று கூடத்து எலெக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். எக்ஸ்டென்ஷன் 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் ஒயர், முழுவதும் சுருள் பிரித்துப் போட வேண்டும். சுருளாகவே விட்டால் உள்ளே சூடேறி உறை உருகும். எர்த் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். மழைக்காலத்தில், ஈரத் தரையில், இரும்புக் குழாயில் மாட்டும் வேலை இது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லட்டும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி வழியாகவே எல்லாம் போகட்டும். சவுண்டுக்கு வேறு பாயிண்ட், இல்லையென்றால் டிம்மரின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். லைட் போர்டை (விளக்குகளை இயக்கும் பலகையை) ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் வையுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடியில் விளக்கு அணைந்தாலும், போர்டு மறுபடி முதலிலிருந்து தொடங்காமல் இருக்கும்.

போர்டும் விலாசமும்

வாடகையில் எளிதாகக் கிடைப்பது 192 சேனல் டிஎம்எக்ஸ் போர்டு. டிஎம்எக்ஸ் என்பது கேபிள் வழியாக விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை. வெளிச்சம், நிறம் என்று விளக்கின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சேனல், அந்த விளக்கின் முதல் சேனல் எண்ணே அதன் விலாசம். பன்னிரண்டு பட்டன், ஒவ்வொன்றுக்கும் 16 சேனல். ஆகவே விளக்குகளின் விலாசம் 1, 17, 33, 49, 65, 81, 97, 113, 129, 145, 161, 177. விளக்கு ஏழு சேனல்தானே என்று 1, 8, 15 எனப் போட்டால் முதல் பட்டனை அழுத்தியதும் மூன்று விளக்கு சேர்ந்து ஆடும். ஒவ்வொரு விளக்கின் மெனுவிலும் டிஎம்எக்ஸ் முறை தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். சவுண்ட் மோடில் கிடந்தால் நடிகர் குரலுக்கு விளக்கு மினுக்கும்.

கேபிள் ஒரு விளக்கிலிருந்து அடுத்ததற்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும், நடுவில் இரண்டாகக் கிளை பிரிக்கக் கூடாது. கடைசி விளக்கின் வெளிவாயில், இரண்டாம் மூன்றாம் பின்களுக்கு நடுவே 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த பிளக்கைச் சொருகுங்கள். காரணமில்லாத மினுக்கலில் பாதி இதனாலேயே போய்விடும்.

போர்டை ஆன் செய்தும் எதுவும் எரியவில்லையா? பிளாக்அவுட் பட்டனைப் பாருங்கள், இந்த வகைப் போர்டு அந்த நிலையில்தான் விழித்துக்கொள்ளும். அடுத்து மாஸ்டர் டிம்மர் சேனல் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தப் போர்டின் உண்மையான குறை வேறு: பதிவு செய்த காட்சியை அழைத்தால் பல மாடல்களில் மெதுவாக மாறாமல் பட்டென்று மாறும். மென்மையான மாற்றங்கள் நிறைய வேண்டும் என்றால், லேப்டாப்பில் இலவசமான க்யூஎல்சி பிளஸ் மென்பொருளும் யுஎஸ்பி-டிஎம்எக்ஸ் கருவியும் எவ்வளவோ மேல். அதில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை நொடி என்று எழுதிவைத்துவிடலாம்.

ஃபோகஸ்

நாடகத்தின் வெளிச்சம் உண்மையில் உருவாவது இந்த மூன்று மணி நேரத்தில்தான். கூடத்து டியூப்லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே விளக்கை மட்டும் ஏற்றுங்கள். இடத்தின் மையத்தில் ஒருவர் நிற்கட்டும், நடிகரின் உயரம் இருந்தால் நல்லது.

புதியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துத் திருப்புவார்கள். தரையில் வட்டம் அழகாக விழுந்திருக்கும், முகம் இருட்டில் இருக்கும். ஒளி சாய்வாக வருகிறது. 35 பாகையில் முகத்தின் நடுவைத் தொடும் கதிர், நடிகருக்கு 8 அடி பின்னால்தான் தரையைத் தொடும். ஆகவே தரை வட்டத்தை மறந்துவிடுங்கள். நிற்பவர் விளக்கை நேராகப் பார்க்கட்டும். மிகப் பிரகாசமான நடுப்புள்ளி கண்ணில் படும்போது அவரே "இங்கே" என்பார். கண் கூசினால் விளக்குக்கு முதுகைக் காட்டி நின்று தன் தலையின் நிழலைப் பார்க்கலாம். நிழல் ஒளிவட்டத்தின் நடுவில் இருந்தால் சரி. கிளாம்பை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எட்டும் முடிந்ததும் எல்லாவற்றையும் பாதிக்கு ஏற்றி, ஒருவரைத் திண்ணையிலிருந்து அடுப்படிக்கு மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். முகத்தருகே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொள்ளட்டும். தாள் எங்கே மங்குகிறதோ அங்கே இரண்டு வட்டங்களும் சேரவில்லை. பிறகு உட்கார்ந்தும் பார்க்கச் சொல்லுங்கள். திண்ணையில் உட்காரும் நடிகரின் கண் மூன்றரை அடியில் இருக்கும், நிற்கும் முகத்துக்கு வைத்த ஒளி தலைமேல் போயிருக்கலாம். கடைசியாக நீங்களே முதல் வரிசையில், இரு ஓரங்களிலும் நடுவிலும் உட்கார்ந்து, எந்த விளக்காவது கண்ணைக் குத்துகிறதா என்று பாருங்கள்.

ஒரு முகத்துக்கு இருபுற விளக்கையும் ஒரே அளவில் வைத்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும். கதையில் வெளிச்சம் வருகிற பக்கம் 80 சதவீதம், மறுபக்கம் 45 சதவீதம் என்று தொடங்கிப் பாருங்கள். மாலைக் காட்சியில் திண்ணைப் பக்கம் ஓங்கியிருக்கட்டும், இரவில் அடுப்படிப் பக்கம்.

நிறமும் உடையும்

இரவு என்றால் நீலம் என்று முகத்தில் அடிக்க வேண்டாம். முகத்து விளக்கை 15 அல்லது 20 சதவீதத்துக்கு இறக்கி, நீலத்தைப் பின்னொளியில் மட்டும் கொடுங்கள். நிலா தோளிலும் கூந்தலிலும் விழும், முகம் மனித நிறத்தில் இருக்கும். அரிக்கேன் விளக்கு மேடையில் இருந்தால் உள்ளே சின்ன மஞ்சள் எல்இடி பல்பு வைத்து, அதே திசையிலிருந்து ஹாலஜனைக் குறைந்த அளவில் ஏற்றுங்கள். படுதா தொங்கும் சின்னக் கூடத்தில் நிஜச் சுடர் வேண்டாம்.

உடை ஒத்திகைக்கு முன் எந்த அளவையும் இறுதி செய்யக் கூடாது. வெள்ளை வேட்டியும் சட்டையும் முகத்தைவிட அதிகமாக ஒளியைத் திருப்பிவிடும். பார்வையாளர் கண் வேட்டிக்குப் போகும், முகம் கறுத்துத் தெரியும். துணியை டீ டிக்காஷனில் ஒரு முறை முக்கி எடுத்தால் மேடையில் வெள்ளையாகவே தெரியும், கூசாது.

கியூ ஷீட்

ஒவ்வொரு ஒளி மாற்றமும் ஒரு கியூ. 70 நிமிட நாடகத்துக்கு 15 முதல் 25 மாற்றம் தாராளம். எழுதும்போது இப்படி எழுதுங்கள்:

கியூ 6: செல்லம்மா அரிக்கேனைத் தூக்கியதும். திண்ணை 30, அடுப்படி 60, ஹாலஜன் 40. 4 நொடி.
கியூ 7: "இனி யாரும் வரமாட்டாங்க" என்ற வசனத்தின் "இனி"யில் தொடக்கம். முற்றம் பூஜ்யம், பின்னொளி நீலம் 25. 12 நொடி.
கியூ 8: அவள் சுவிட்சைத் தொட்டதும். எல்லாம் பூஜ்யம். உடனே.

நீண்ட மாற்றம் உணர்ச்சிக்கு முன்னாலேயே கிளம்பிவிட வேண்டும். அதனால்தான் ஏழாவது வசனத்தின் முதல் சொல்லில் தொடங்குகிறது. வசனம் முடிந்த பிறகு தொடங்கினால் நடிகர் சும்மா நின்றுகொண்டிருப்பார். எட்டாவது அதற்கு நேர்மாறு. கை சுவிட்சைத் தொடுவதற்குக் கால் நொடி முன்னால் அணைந்தாலும் காட்சி பொய்யாகிவிடும். அந்த ஒரு கியூவை நடிகரோடு தனியாகப் பத்து முறையாவது செய்து பாருங்கள். முழு இருட்டில் நடிகர் நடக்கும் பாதைக்கு, இருட்டில் ஒளிரும் ரேடியம் ஸ்டிக்கர் துண்டுகள் ஒட்டி, காட்சிக்கு முன் டார்ச் அடித்து ஒளி ஏற்றிவிட வேண்டும்.

போர்டை இயக்குபவர் கடைசி வரிசைக்குப் பின்னால் பெஞ்ச் மேல் உட்கார்ந்தால் தலைகளுக்கு மேலே மேடை தெரியும். லேப்டாப் வெளிச்சத்தை மிகக் குறைத்து, அட்டையால் மறையுங்கள்.

காட்சி நாளும் அதற்குப் பின்னும்

காட்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்க்க வேண்டும். நாற்காலி போட வந்தவர் ஸ்டாண்டை நகர்த்தியிருப்பார், அதனால் ஸ்டாண்டின் கால் நிற்கும் இடத்தைத் தரையில் டேப்பால் குறித்து வையுங்கள். மின் தீக்கான கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் ஒன்று போர்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வெளியேறும் கதவின் விளக்கை எந்த இருட்டுக்காகவும் மறைக்க வேண்டாம்.

முடிந்ததும் கூடத்து விளக்கைப் போட்டு, பார்வையாளர் எல்லாரும் வெளியேறிய பிறகே கழற்றத் தொடங்குங்கள். முதலில் மெயினை அணைக்க வேண்டும். ஹாலஜன் ஆற 15 நிமிடமாவது விடுங்கள், சூட்டோடு அசைத்தால் இழை அறுந்துவிடும். கேபிளைக் கையில் முறுக்கிச் சுற்றாமல் ஒரு வளையம் உள்பக்கம், ஒரு வளையம் வெளிப்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுற்றினால் உள்கம்பி உடையாது. விளக்கு, கிளாம்ப், சங்கிலி, கேபிள் என்று வாடகைச் சீட்டைப் பார்த்து எண்ணி ஏற்றிவிட்டு, மினுக்கிய விளக்கு எது என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.